நெடுங்காலம் என்று எழுதியவர்

“உங்க மலையில யாருக்காவது பொறந்த வருசம் தெரியுமா, பொண்ணே?”

இதை அவர் என்னிடம் கேட்டபோது நான் பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தேன். மலைமேல் இருக்கும் புதூர்நாட்டிலிருந்து அப்பாவோடு ஜீப்பில் இறங்கி, டவுனில் ஆபீஸ் வாசலுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடை நிழலில் போட்டிருந்த அவருடைய மேசை முன்னால் நின்றிருந்தேன். மனு எழுதிக் கொடுப்பவர். எல்லோரும் ரைட்டர் என்பார்கள். அப்பா மட்டும் ரைட்டரய்யா என்பார். பெயர் எனக்குத் தெரியும். அவர் எழுதிய மனுக்களில் அவர் பெயர் எங்கேயும் இருக்காது. இதிலும் வேண்டாம்.

“எனக்குத் தெரியுமே” என்று என் பிறந்த தேதியைச் சொன்னேன்.

கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “அது ஸ்கூல்ல வாத்தியாரு போட்டதா இருக்கும்.”

சிரித்தார். அப்பாவும் கூடச் சேர்ந்து சிரித்தார். திரும்பி ஜீப் ஏறும்வரை நான் அப்பாவோடு பேசவில்லை. அந்தத் தேதி வாத்தியார் போட்டதுதான். எனக்கு எரிந்தது அதனால்தான்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இரண்டு அண்ணன்களும் போகவில்லை. அதனால் டவுனில் எந்தக் காகித வேலைக்கும் அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போவார். எங்களுக்கு இருந்தது ஒரே ஒரு காகித வேலை. மலைச்சரிவில் ஒன்றரை ஏக்கர் கொல்லை. சாமையும் கொள்ளும் விளையும். எங்களுக்கு அது கொல்லை, ஆபீஸ் காகிதத்தில் அது காடு. சட்டம் குறித்த ஒரு நாளுக்கு முன்பிருந்தே அங்கே பயிர் வைத்து வந்தவர்களுக்கு உரிமைச் சீட்டு தருவார்கள். எப்போதிலிருந்து பயிர் வைக்கிறோம் என்று சொல்ல வேண்டும். மொத்த மனுவும் அந்த ஒரு கேள்விக்கான பதில்தான். பதில் சரியில்லை என்றால் வனத்துறை ஒருநாள் வந்து கொல்லையில் மரக்கன்று நட்டுவிட்டுப் போகலாம். பக்கத்து ஊரில் நட்டிருக்கிறார்கள்.

அந்தக் கேள்விக்குப் பதில் எழுத நாங்கள் போனது, எந்த மனுவிலும் வருடத்தை எழுதாத மனிதரிடம்.

மனுவின் அடியில் அன்றைய தேதி போடுவார். அதைத் தவிர வேறு எண்ணே எழுதமாட்டார். எவ்வளவு நாளாகத் தண்ணீர் வரவில்லை, எத்தனை வருடமாகக் குடியிருக்கிறோம், எப்போது விண்ணப்பித்தோம், எல்லாவற்றுக்கும் ஒரே சொல்தான்: நெடுங்காலமாக. காரணத்தை முதல் நாளே அப்பாவிடம் சொல்லிவிட்டார்.

“வருசத்த எழுதினா அவன் எண்ணுவான், கவுண்டரே. எண்ணினா எங்கனா ஒண்ணு கொறையும். கொறஞ்சா பொய்யின்னுவான். நெடுங்காலம்னு போடு, எவன் எண்ணுவான்?”

இப்படிப் பயப்பட அவருக்குக் காரணம் இருந்தது. தொழிலுக்கு வந்த புதிதில் ஒருவருக்கு இருபத்து மூன்று வருடக் குடியிருப்பு என்று எழுதினாராம். வீட்டு வரி ரசீது இருபத்தொரு வருடத்துக்குத்தான் இருந்தது. விசாரணையில் அந்த இரண்டு வருடத்தைப் பிடித்துக்கொண்டார்கள். அந்த ஆள் வந்து இவர் மேசையைப் புரட்டிப் போட்டுவிட்டுப் போனானாம். “மேசைக்கு அப்போ நாலு காலு. இப்போ பாரு” என்று காட்டுவார். ஒரு காலுக்குக் கீழே செங்கல் இருந்தது.

அந்தச் சொல்லில் அவருக்குப் பெருமையும் இருந்தது. கூட்டம் இல்லாத மதியங்களில் என்னை நிற்க வைத்துக்கொண்டு விளக்குவார்.

“நீண்டகாலம்னு ஒண்ணு இருக்குது. அது பேங்க் வார்த்தை. நீண்டகாலக் கடன்னு சொல்லுவான். அத மனுல போட்டா, ஏதோ முடியப்போவுதுன்னு தோணும். நாள்பட்டதுன்னா நோவுக்கு. நாள்பட்ட இருமல், நாள்பட்ட புண்ணு. நெலத்துக்கு அத எழுதினா நெலம் சீக்கு புடிச்ச மாதிரி ஆயிடும். நெடுநாள்னா சிநேகிதத்துக்கு. தொன்றுதொட்டுன்னா கோயிலுக்கு. காலங்காலமான்னு எழுதினேன்னு வெச்சிக்கோ, சண்டைக்கு வந்திருக்கான்னு ஆபீசர் நெனப்பான். நெடுங்காலம் இருக்குது பாரு, அதுல சண்டை இல்ல, சீக்கு இல்ல, முடிவும் இல்ல.”

எங்கள் தமிழ் வகுப்பில் கூட யாரும் இப்படிச் சொல்லித் தந்ததில்லை. நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன். அதை மறைக்க விரும்பவில்லை.

டீக்கடைப் பையன் என்று யாரும் இல்லை. கடைக்காரரே டம்ளரோடு ரோட்டைத் தாண்டி வருவார். “ரைட்டரே, உங்க நெடுங்கால டீ” என்று வைத்துவிட்டுப் போவார். வைத்த டீயை ரைட்டர் ஒரு மணி நேரம் தொடமாட்டார். ஆடை கட்டி, ஈ உட்கார்ந்து, அதைத் துரத்திவிட்டுக் குடிப்பார்.

ஒருநாள் எங்களுக்கு முன்னால் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். விதவை உதவித்தொகைக்கு மனு.

“ஊட்டுக்காரரு போயி எத்தினி வருசம்?”

“ஆடி வந்தா ஒம்போது, சாமி.”

அவர் தலையை ஆட்டிக்கொண்டே எழுதினார். பிறகு படித்துக் காட்டினார்: ‘கணவரை இழந்து நெடுங்காலமாக ஆதரவின்றி வாழ்ந்து வருகிறேன்.’ அந்தப் பெண் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அவள் போன பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: “ஒம்போதுன்னு எழுதியிருந்தா அழுதிருக்குமா, சொல்லு.”

நான் இல்லையென்று தலையாட்டினேன். அவளுடைய ஒன்பதுக்கு என்ன ஆயிற்று என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

கல்லூரியில் முதல் வருடம் படிக்கும்போதுதான் எங்கள் மனுவைப் போடுவது என்று முடிவானது. அதற்காக நான் இரண்டு விடுமுறைகளில் ஒரு நோட்டுப் புத்தகம் தயார் செய்திருந்தேன். மலையில் யாருக்கும் வருடம் தெரியாது என்பது உண்மையில்லை. எண்ணாகத் தெரியாது, அவ்வளவுதான். என் அத்தையோடு கொல்லையைச் சுற்றி நடந்தால் அவள் ஒவ்வொரு மூலையிலும் நின்று சொல்வாள். ரோடு போட வந்தவர்கள் நம் கொல்லையில் கூடாரம் அடித்த வருடம். ஒரே மழையில் மேல் வரப்பு சரிந்து, கல் அடுக்கிய வருடம். கரடி வந்து கொள்ளுக் காவலுக்கு இருந்த சித்தப்பாவைக் கீறிய வருடம். வடக்கு மூலைப் பலா நட்டது பெரியண்ணன் பால் மறந்த வருடம். நான் ரேஷன் கார்டு, அண்ணனின் வாக்காளர் அட்டை, சித்தப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த சீட்டு என்று ஒவ்வொன்றாகத் தேடி, எதிரே வருடத்தை எழுதினேன். பத்தொன்பது வரி. என் படிப்பு முதன்முதலாக வீட்டுக்கு உதவப்போகிறது என்று நினைத்தேன்.

ரைட்டர் மூன்று பக்கம் புரட்டினார்.

“நல்லாத்தான் எழுதியிருக்க. ஆனா இது ஊர்க்கதை. மனு கதை கேக்காது.”

“வருசம் கேப்பாங்க சார்.”

“கேட்டா கேக்கட்டும். மலைக்காரங்களுக்கு ஏது வருசம்? உங்களுக்கு எல்லாமே நெடுங்காலந்தான்.”

அன்பாகத்தான் சொன்னார். எங்களை உயர்த்திச் சொல்வதாக நினைத்திருப்பார். கல்லுக்கும் மரத்துக்கும் சொல்வதுபோல எங்களுக்கும் சொன்னார். அப்பா, “ரைட்டரய்யாவுக்குத் தெரியாததா, நீ சும்மா இரு” என்றார். நான் சும்மா இருந்தேன். நோட்டைப் பைக்குள் வைத்தேன். ஒரே ஒரு பிடிவாதம் பிடித்தேன். மனுவை நானே என் கையால் எழுதுவேன் என்றேன். அவர் பேனாவை நீட்டினார்.

‘மேற்படி நிலத்தை நானும் என் முன்னோர்களும் நெடுங்காலமாக அனுபவித்து வருகிறோம்.’

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். அடித்தல் திருத்தல் இல்லை. திரும்பும்போது ஜீப்பில் அப்பாவுக்காக நகலை உரக்கப் படித்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் மறுபடி படிக்கச் சொன்னார்கள். படித்தேன். நெடுங்காலமாக என்ற இடம் வரும்போது குரலைக் கொஞ்சம் இழுத்தேன். ஒரு கிழவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இன்று அந்த ஜீப்பை நினைத்தால் எனக்கு உடம்பு கூசுகிறது.

கிராம சபையில் வைத்து, தீர்மானம் போட்டு, மனு மேலே போயிற்று. பிறகு நாலு வருடம் எந்தப் பதிலும் இல்லை.

அப்பா போய்ப் போய்க் கேட்டுவிட்டு வருவார். கடைசி வருடம் நானும் போனேன். ரைட்டர் இளைத்திருந்தார். சட்டைக் காலர் கழுத்துக்குப் பெரிதாக இருந்தது.

“தள்ளுபடி ஆச்சா?” என்று கேட்டார்.

“இல்ல.”

“அப்போ உசுரோட இருக்குது. இன்னாத்துக்கு மூஞ்ச தூக்கி வெச்சிக்கினு நிக்கிற? நெடுங்காலம்னு நான் எழுதின மனு இதுவரைக்கும் ஒண்ணு தள்ளுபடி ஆனதில்ல. ஆபீஸ்ல போயி கேட்டுப் பாரு.”

“ஒண்ணாவது கெடச்சிதா சார்?”

அப்பா என் கையைக் கிள்ளினார். ரைட்டர் கோபப்படவில்லை. மேசை இழுப்பறையைத் திறந்து, ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து என் முன்னால் வைத்தார். உள்ளே, மனுக்களை வாங்கியதற்கு ஆபீசில் தந்த ஒப்புகைச் சீட்டுகள். மேலே இருந்தது வெள்ளை, கீழே போகப் போக மஞ்சள், அடியில் இருந்தது பழுப்பு.

“எனக்கே ஒண்ணு இருக்குது. வூட்டு மனைக்கு. எங்கப்பா போட்டாரு, அப்பறம் நான் போட்டேன். நெடுங்காலமா நிலுவையில இருக்குது.”

அதை அவர் குறையாகச் சொல்லவில்லை. தங்க நகையைக் காட்டுகிற மாதிரி காட்டினார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இந்த மனிதர் மனு எழுதுவது கிடைக்க வேண்டும் என்பதற்காக அல்ல, ‘இல்லை’ என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக. இல்லை என்று சொல்லாதவரை அந்த மனை அவருக்கு இருந்தது. அவருடைய அப்பாவுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். வாடகை வீட்டிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டே இரண்டு பேர் கிழவர்களாகிவிட்டார்கள். அவர் தன் மனையைப் பத்திரமாக வைத்த அதே கவருக்குள் எங்கள் கொல்லையையும் போட்டுவிட்டார்.

அந்த மழைக்காலத்தில் அவர் இறந்துபோனார். ஜெராக்ஸ் கடைக்காரர் சொன்னார். சாவுக்கு முந்தின வாரம்வரை வந்து உட்கார்ந்திருக்கிறார். மேசை இருந்த இடத்தில் இப்போது இரண்டு பைக் நிற்கிறது.

விசாரணைக்கு ஆபீசர் வந்தது அதற்குப் பிறகு, மாசியில். சின்ன வயசுக்காரர், மரியாதையாகப் பேசினார். கூட இரண்டு பேர். கொல்லை வரப்பில் நின்று மனுவைப் பிரித்தார்.

“நெடுங்காலம்னா எவ்ளோ காலங்க, அய்யா? எப்போலேர்ந்து இங்க இருக்கீங்க?”

அப்பா துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். நெஞ்சை நிமிர்த்தினார். அவர் என்ன சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தடுப்பதற்குள் சொல்லிவிட்டார்.

“நாங்க காஞ்சிபுரத்துலேர்ந்து வந்தவங்க சாமி.”

எங்கள் மலையில் யாரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். முன்னோர்கள் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தார்கள் என்பது எங்கள் கதை. கல்யாணத்தில் சொல்வோம், திருவிழாவில் சொல்வோம், கீழ்நாட்டுக்காரன் யாராவது ஏளனமாகப் பேசினால் உடனே சொல்வோம். எத்தனை தலைமுறைக்கு முன்னால் என்று யாருக்கும் தெரியாது. நீங்கள் யார் என்று பெரிய மனிதர் கேட்டால் இதைச் சொல்லாமல் விடுவது எங்களுக்கு மானக்கேடு. அப்பா அந்த ஆபீசருக்குத் தன்னிடம் இருந்ததிலேயே பெரிய மரியாதையைக் கொடுத்தார்.

ஆபீசர் அதை எழுதிக்கொண்டார்.

“சார், அது எத்தனையோ தலைமுறைக்கு முன்னால” என்றேன்.

“அது மனுல இல்லியேம்மா. மனுல நெடுங்காலம்னுதான போட்டிருக்கு.” மறுபடி காகிதத்தைப் பார்த்தார். “யாரு எழுதினது இது? கையெழுத்து நல்லா இருக்குது.”

“நான்தான்” என்றேன்.

நோட்டை எடுத்து நீட்டினேன். வாங்கிப் பார்த்தார், பொறுமையாகவே பார்த்தார். “இத அப்போவே இணைச்சிருக்கணும்மா” என்று திருப்பிக் கொடுத்தார்.

இரண்டு மாதத்தில் கடிதம் வந்தது. ‘மனுதாரர் காஞ்சிபுரம் பகுதியிலிருந்து வந்து குடியேறியதாக அவரே தெரிவித்துள்ளார். நில அனுபவத்துக்கான கால அளவு மனுவில் குறிப்பிடப்படவில்லை. மனு நிராகரிக்கப்படுகிறது. அறுபது நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.’

நான் படித்து முடித்ததும் அப்பா கேட்டார்: “காஞ்சிபுரம்னு சொன்னது தப்பா?”

“தப்பில்லப்பா.”

“அப்போ இன்னாத்துக்கு அத எழுதியிருக்கான்?”

நாலைந்து நாள் இதையே கேட்டுக்கொண்டிருந்தார். போன வாரம் பங்காளி வீட்டுக் கல்யாணத்தில், பெரியவர்கள் உட்கார்ந்து காஞ்சிபுரத்துக் கதையைத் தொடங்கியபோது, அப்பா எழுந்து தண்ணீர் வண்டி வந்துவிட்டதா என்று பார்க்கப் போனார். கதை முடிகிறவரை வரவில்லை. வண்டி காலையிலேயே வந்துவிட்டிருந்தது.

ரைட்டரின் நெடுங்காலக் கணக்கில் ஒரு தள்ளுபடியும் இல்லை. எங்களுடையதுதான் முதல். அதைத் தெரிந்துகொள்ளாமலே போய்விட்டார். அவர் உயிரோடு இருந்து, இந்தக் கடிதத்தை அவர் மேசையில் விரித்து வைத்து, நானே அவருக்குப் படித்துக் காட்டியிருக்க வேண்டும் என்று இன்றும் ஆசைப்படுகிறேன். செத்தவரைப் பற்றி இப்படி நினைப்பது நல்லதில்லை என்று தெரியும். அந்த விதவைப் பெண்ணின் ஒன்பது வருடத்துக்கும், என் பத்தொன்பது வரிக்கும் யாராவது அவரிடம் பதில் கேட்டிருக்க வேண்டும். கேட்க வேண்டிய நேரத்தில் நான் அவர் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

மேல்முறையீட்டை எழுத உட்கார்ந்தேன். இந்த முறை நோட்டின் பத்தொன்பது வரியும் வரிசையாக வந்தது, ஒவ்வொன்றுக்கும் யார் சாட்சி என்பதோடு. ஆனால் கொல்லை இருந்தது என்பதை அரசாங்கத்தின் கையெழுத்திலேயே காட்டுகிற ஒரு காகிதம் வேண்டும் என்று என் கல்லூரி சீனியர் ஒருத்தி, வக்கீலுக்குப் படிக்கிறவள், போனில் சொன்னாள். அப்படி ஒன்று இருந்தது. அதை நான் நோட்டில் எழுதாமலே விட்டிருந்தேன்.

கொல்லையின் கீழ்ப்பக்கத்தில் ஒரு கல் நட்டிருக்கிறது. எனக்கு முன்னால் பிறந்த அக்கா அங்கேதான் இருக்கிறாள். அம்மா அவளைப் பற்றிப் பேசியதில்லை. களை எடுக்கும்போது அந்தக் கல்லைச் சுற்றி மட்டும் கையால் எடுப்பாள், களைக்கொட்டு படவிடமாட்டாள். அந்தக் காலத்தில் நடந்தே மலையேறி வந்த நர்ஸ் ஒருவர், பிறந்ததையும் இறந்ததையும் பதிவேட்டில் எழுதி வைத்திருக்கிறார் என்று அத்தை சொல்லியிருந்தாள்.

அம்மா முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, கீழ்ப்பக்கத்துக் கல்லப் பத்தி எழுதணும்.”

முறம் நின்றது. “இன்னாத்துக்கு?”

“அந்த வருசம் அது நம்ம கொல்லைன்னு காட்றதுக்கு.”

உமியை ஊதினாள். இரண்டு தடவை ஊதினாள்.

“அவ இருந்தது நாப்பது நாளு. அத அப்படியே எழுதுவியா? இல்ல, அந்த ஆளு மாதிரி எதனா பெருசா எழுதி வெப்பியா?”

“நாப்பதுன்னுதாம்மா எழுதுவேன்.”

“ஆபீசருங்க வந்தா அங்க செருப்போட நிக்கக் கூடாதுன்னு சொல்லு.”

“சொல்றேன்.”

“அப்போ எழுது.”

சுகாதார நிலையத்துக்கு மூன்று முறை நடந்தேன். மூன்றாம் முறை பழைய பதிவேடு கிடைத்தது. ஓரம் செல்லரித்திருந்தது, வரி முழுதாக இருந்தது. பெண் குழந்தை, நாற்பது நாள், காய்ச்சல். அந்த வரியின் கடைசிக் கட்டத்தில் நர்ஸ் எழுதியிருந்தார்: ‘பெற்றோரின் கொல்லையில் அடக்கம்.’ பக்கத்தில் தேதி. சட்டம் குறித்த நாளுக்கு அது ஐந்து வருடம் முந்தியது. சான்றிட்ட நகல் வாங்கினேன்.

நிலத்துக்காக அக்காவைத் தோண்டி எடுத்த மாதிரிதான் இருந்தது. இதை அப்பாவிடம் சொல்லவில்லை. அம்மாவிடம் சொல்லத் தேவை இருக்கவில்லை.

சாட்சிகள் பட்டியலில் முதல் பெயராக அம்மாவின் பெயரை எழுதினேன். இடத்தைக் காட்ட அவளே வருவாள் என்றும் எழுதினேன். எதிரே அவள் கட்டைவிரல் ரேகையை வைத்தாள், மை காயும்வரை கையைத் தூக்கியே வைத்திருந்தாள். மனு ஆறு பக்கம். போன திங்கட்கிழமை, கடிதம் வந்த ஐம்பத்திரண்டாம் நாள், மாவட்ட ஆபீசில் அதை நானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன்.